டி.சி. இல்லாமல் சேர்ந்த ஆழ்வார்!

மாணவச் செல்வங்களே, உங்களில் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை பக்கம் இருப்பவர்கள் கையைத் தூக்குங்கள் பார்ப்போம்! உங்கள் வீட்டில் அப்பாவோ அண்ணனோ அக்காவோ ஏதாவது ஒரு தொழிற்சாலைக்கு ஷிப்ட் பஸ் ஏறிப் போவார்கள், இல்லையா? கார் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவராக இருந்தால் இன்று இரவு அவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்.

"ஒரே நாளில், ஒரே நிறத்தில், ஒரே மாதிரி நூறு கார்கள் வெளியே வருகின்றன. அதில் ஒன்று காணாமல் போய்விட்டது. வேறு ஊரில் அது கிடைத்தால், நம் கார்தான் என்று எப்படிச் சொல்வீர்கள்?"

அவர் சட்டென்று பதில் சொல்லிவிடுவார். "சேஸிஸ் நம்பர் இருக்கிறதே!"

ஆமாம். ஒவ்வொரு காரின் உடம்பிலும் எழுத்தும் எண்ணும் கலந்து 17 இடங்கள் கொண்ட ஓர் அடையாள எண் பொறிக்கப்பட்டிருக்கும். பள்ளியில் உங்களுக்கும் அப்படி ஓர் எண் உண்டு. அதுதான் சேர்க்கை எண். உங்கள் தலைமை ஆசிரியர் அறையில் உள்ள தடிமனான சேர்க்கைப் பதிவேட்டில், நீங்கள் எந்தத் தேதியில் வந்தீர்கள், இதற்கு முன் எந்தப் பள்ளியில் படித்தீர்கள் என்பதெல்லாம் எழுதப்பட்டிருக்கும். வேறு பள்ளியிலிருந்து வந்தவர் என்றால் டி.சி. வேண்டும். மாற்றுச் சான்றிதழ் இல்லாமல் யாராவது வந்து நின்றால், "எங்கேயப்பா படித்தாய் இதுவரை?" என்றுதான் முதலில் கேட்போம்.

அருங்காட்சியகங்களிலும் இப்படித்தான். உள்ளே வரும் ஒவ்வொரு பொருளுக்கும் பதிவேட்டில் ஓர் எண் கொடுப்பார்கள். இன்று நாம் பார்க்கப் போவது ஒரு பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் 'ஈ.ஏ. 1967.42' என்ற எண்ணோடு இருந்த ஒருவரை. கீழைநாட்டுக் கலைப் பிரிவில், 1967-ஆம் ஆண்டில், 42-ஆவதாகச் சேர்ந்தவர் என்று அர்த்தம். அவர் யார் தெரியுமா? நம் திருமங்கை ஆழ்வார்!

தோட்டக்காரர் சேர்த்த பெட்டகம்

முதலில் அந்த அருங்காட்சியகத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் இருக்கிறது அல்லவா? அதற்குச் சொந்தமான அருங்காட்சியகத்தின் பெயர் ஆஷ்மோலியன். 1683-இல் திறந்தார்கள். உலகின் முதல் பல்கலைக்கழக அருங்காட்சியகம் என்று இதைத்தான் சொல்வார்கள். இன்றும் உள்ளே போகக் கட்டணம் கிடையாது.

இதன் தொடக்கம் வேடிக்கையானது. ஜான் டிரேட்ஸ்கன்ட் என்ற பெயரில் ஒரு தந்தையும் மகனும் இருந்தார்கள். இருவரும் தோட்டக்காரர்கள். புதிய செடி விதைகளைத் தேடி ஊர் ஊராகப் போனவர்கள், செடியோடு நிற்கவில்லை. கிளிஞ்சல், நாணயம், ஆயுதம், பாடம் செய்த பறவை என்று கண்ணில் பட்டதையெல்லாம் சேர்த்தார்கள். அந்தச் சேகரம் எலியாஸ் ஆஷ்மோல் என்பவர் கைக்குப் போய், அவர் அதைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார். அவர் பெயரே அருங்காட்சியகத்துக்கும் வந்துவிட்டது.

அந்தச் சேகரத்தில் டோடோ பறவை ஒன்றும் இருந்தது. மொரீஷியஸ் தீவில் வாழ்ந்து 17-ஆம் நூற்றாண்டிலேயே அழிந்துபோன பறவை அது. உடம்பெல்லாம் கெட்டுப்போய், இப்போது அதன் தலையும் ஒரு காலும்தான் மிச்சம். அவை ஆக்ஸ்போர்டின் இன்னோர் அருங்காட்சியகத்தில் உள்ளன. டோடோவைப் பற்றி இன்னொரு வாரம் எழுதுகிறேன். ஆழ்வார் காத்திருக்கிறார்!

நம் நாட்டிலும் பல்கலைக்கழகங்கள் அருங்காட்சியகம் வைத்திருக்கின்றன. கல்கத்தா பல்கலைக்கழகத்தின் அசுதோஷ் அருங்காட்சியகம் 1937-இல் தொடங்கியது. காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் பாரத் கலா பவன் இருக்கிறது. கல்லூரி மாணவர்கள் புத்தகத்தில் படித்ததை இங்கே கண்ணால் பார்க்கலாம்.

வாளும் கேடயமும்

பன்னிரண்டு ஆழ்வார்களில் திருமங்கை ஆழ்வாரை அடையாளம் கண்டுபிடிப்பது மிகவும் சுலபம். மற்றவர்களில் பலர் கைகூப்பி நிற்பார்கள், அல்லது அமர்ந்திருப்பார்கள். இவர் கையில் வாளும் கேடயமும் இருக்கும். ஏனென்றால் இவர் ஒரு குறுநிலத் தலைவர், போர்வீரர்.

இவரைப் பற்றி ஒரு கதை உண்டு. நாள்தோறும் அடியார்களுக்கு அன்னமிட வேண்டும் என்று உறுதி எடுத்துக்கொண்டாராம். கையில் இருந்த பணம் தீர்ந்துவிட்டது. என்ன செய்வது? வழிப்பறியில் இறங்கினார்! ஒருநாள் மணக்கோலத்தில் வந்த ஒரு தம்பதியை மடக்கி நகைகளைப் பறித்தார். மூட்டையாகக் கட்டித் தூக்கினால், அது அசையவே இல்லை. "என்ன மந்திரம் போட்டாய்?" என்று அதட்டினார். மணமகன் வேடத்தில் வந்தவர் பெருமாள். அவர் காதில் எட்டெழுத்து மந்திரத்தைச் சொன்னார் என்று கதை முடிகிறது. இதை வேடுபறி என்று இன்றும் கோவில்களில் விழாவாக நடத்துகிறார்கள். ராமானுஜர் பிறந்த ஸ்ரீபெரும்புதூர்க் குழந்தைகளுக்குப் பாட்டியே இந்தக் கதையைச் சொல்லியிருப்பார்.

பெருமாளிடமே திருடப் பார்த்தவரை, பிற்காலத்தில் திருடர்கள் திருடிக்கொண்டு போனார்கள் என்றால் எப்படி இருக்கும்? அதுதான் நடந்தது.

தஞ்சாவூர் மாவட்டத்தில், கும்பகோணத்துக்குப் பக்கத்தில் சுந்தரப்பெருமாள்கோவில் என்று ஓர் ஊர். ஊரின் பெயரே கோவிலால் வந்ததுதான். அங்குள்ள சௌந்தரராஜப் பெருமாள் கோவிலில் 16-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த திருமங்கை ஆழ்வாரின் உலோகத் திருமேனி இருந்தது. உயரம் சுமார் 60 சென்டிமீட்டர். உங்கள் ஸ்கேலில் இரண்டு அளவு வைத்துப் பாருங்கள், அவ்வளவுதான். ஒரு ஆள் தூக்கி மறைத்துக்கொண்டு போகக்கூடிய உயரம்.

உடைத்தால்தான் வெளியே வரும்

இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். சிலையை எப்படிச் செய்கிறார்கள் என்று தெரிந்தால்தான் மற்றது புரியும்.

சுந்தரப்பெருமாள்கோவிலுக்குப் பக்கத்திலேயே சுவாமிமலை இருக்கிறது. அங்கே இன்றும் ஸ்தபதிகள் பழைய முறையில் சிலை வார்க்கிறார்கள். முதலில் தேன்மெழுகோடு குங்கிலியம் கலந்து, மெழுகிலேயே முழு உருவத்தையும் செய்வார்கள். மூக்கு, விரல், நகை எல்லாம் மெழுகில். பிறகு காவிரியின் நயமான வண்டல் மண்ணைக் குழைத்து அதன்மேல் பூசி நிழலில் காயவைப்பார்கள். மேலே இன்னும் சில பூச்சுகள். கனமான சிலை என்றால் கம்பி கட்டுவார்கள். அப்புறம் அந்த மண் கட்டியைச் சூடாக்கினால் மெழுகு உருகி ஒரு துளை வழியாக ஓடிவிடும். உள்ளே என்ன இருக்கும்? வெறும் இடம்! ஆழ்வார் வடிவத்தில் ஒரு வெற்றிடம். அதற்குள் உருக்கிய உலோகத்தை ஊற்றுவார்கள். பெரும்பங்கு செம்பு; அதோடு வேறு உலோகங்கள்.

எவ்வளவு உலோகம் வேண்டும் என்று எப்படித் தெரியும்? மெழுகை முதலிலேயே எடைபோட்டுக்கொள்வார்கள். ஒரே அளவுள்ள மெழுகைவிட இந்த உலோகம் எட்டு, ஒன்பது மடங்கு கனம். 2 கிலோ மெழுகு என்றால் எத்தனை கிலோ உலோகம்? நீங்களே கணக்குப் போடுங்கள். அடர்த்தி என்று அறிவியல் பாடத்தில் வருகிறதே, அதைத்தான் ஸ்தபதிகள் தலைமுறை தலைமுறையாகத் தராசில் பார்த்து வைத்திருக்கிறார்கள்.

உலோகம் ஆறியதும் மண்ணை உடைத்துச் சிலையை எடுப்பார்கள். கவனித்தீர்களா? அச்சு உடைந்து போயிற்று! மெழுகும் போயிற்று. அதே சிலையை இன்னொரு முறை வார்க்க வழியே இல்லை. மறுபடி மெழுகிலிருந்து தொடங்க வேண்டும். அப்போது மூக்கு ஒரு நூல் அளவாவது மாறும். உளியால் செதுக்கி முடிக்கும்போது இன்னும் மாறும்.

ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலையில் இரும்பு அச்சு ஒன்றிலிருந்து ஆயிரக்கணக்கான பாகங்கள் வரும். எல்லாம் ஒன்றுபோல இருக்கும். இருக்கத்தான் வேண்டும், இல்லாவிட்டால் வண்டி ஓடாது. அதனால்தான் காருக்கு எண் தேவைப்படுகிறது. நம் பழைய சிலைகளுக்கு எண் பொறிக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு சிலையும் வேறு வேறு. அதன் முகம்தான் அதன் சேஸிஸ் நம்பர்!

ஒரு கறுப்பு வெள்ளைப் படம்

புதுச்சேரியில் 1955-இல் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தொடங்கப்பட்டது. அங்கிருந்த அறிஞர்கள் தென்னிந்தியக் கோவில்களைப் பற்றி ஆராய விரும்பினார்கள். அதற்காகப் புகைப்படக்காரர்கள் ஊர் ஊராகப் போனார்கள். பெரிய கோவில், சின்னக் கோவில் என்று பார்க்கவில்லை. கோபுரம், தூண், கற்சிலை, உலோகச் சிலை எல்லாவற்றையும் படம் எடுத்து, ஊர் பெயரோடும் தேதியோடும் அடுக்கி வைத்தார்கள். இன்று அங்கே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் உள்ளன.

1957-இல் சுந்தரப்பெருமாள்கோவிலுக்கும் போனார்கள். ஆழ்வாரையும் படம் எடுத்தார்கள். திருடனைப் பிடிப்பதற்காக அல்ல, படிப்பதற்காக!

பத்து ஆண்டுகள் கழித்து, 1967-இல், லண்டனில் சோதபீஸ் என்ற நிறுவனம் நடத்திய ஏலத்தில் ஓர் ஆழ்வார் சிலை விற்பனைக்கு வந்தது. ஆஷ்மோலியன் அதை வாங்கியது. முன்பு வைத்திருந்த சேகரிப்பாளர் யார் என்பது தெரிந்தது. அவருக்கு முன்னால்? எந்தக் கோவிலில் இருந்தது? எப்போது வெளியே வந்தது? யார் அனுமதி கொடுத்தது? டி.சி. இல்லை! ஆனாலும் சேர்க்கை எண் கொடுத்துவிட்டார்கள். அந்தக் காலத்தில் பல பெரிய அருங்காட்சியகங்கள் இப்படித்தான் அதிகம் கேட்காமல் வாங்கின. நல்ல எண்ணத்தில்தான் வாங்கினோம் என்று ஆஷ்மோலியன் சொல்கிறது. இருக்கலாம். ஆனால் பழம்பொருளை அனுமதி இல்லாமல் இந்தியாவிலிருந்து வெளியே கொண்டுபோகக் கூடாது என்று 1947-லேயே சட்டம் வந்துவிட்டது. கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்கவில்லை என்றுதான் நான் சொல்வேன்.

அதன்பின் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆழ்வார் கண்ணாடிக்குள் இருந்தார்.

2019-இல் ஓர் ஆய்வாளர் புதுச்சேரிப் படங்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். அந்த 1957-ஆம் ஆண்டுப் படம் கண்ணில் பட்டது. 'இவரை ஆக்ஸ்போர்டில் பார்த்திருக்கிறோமே!' இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியதுதானே? இப்படிப்பட்ட ஒப்பீட்டில் முகத்தை மட்டும் பார்த்தால் போதாது. விரல் வளைவு, நகையின் மணிகள், பீடத்தின் விளிம்பு, தேய்மானம், சொட்டை, கீறல் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் 'ஆறு வித்தியாசம் கண்டுபிடி' போடுவீர்களே, அதேதான். ஆனால் இங்கே வித்தியாசம் ஒன்றுகூட இருக்கக் கூடாது!

ஆஷ்மோலியன் இதை மூடி மறைக்கவில்லை. 2019 டிசம்பரில் அவர்களே லண்டனில் உள்ள இந்தியத் தூதரகத்துக்குச் செய்தி சொன்னார்கள். இதற்காக அவர்களைப் பாராட்டத்தான் வேண்டும்.

அப்படியானால் கோவிலில் இருப்பது யார்?

செய்தி தமிழ்நாட்டுக்கு வந்தது. ஊர் மக்கள் திகைத்துப்போனார்கள். ஏன் தெரியுமா? கோவிலில் ஆழ்வார் சிலை இருந்தது! காணாமல் போகவே இல்லை!

நம் மாநிலக் காவல்துறையில் சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவு என்று ஒன்று 1983 முதல் இருக்கிறது. அவர்கள் போய் 1957-ஆம் ஆண்டுப் படத்தோடு கோவில் சிலையை ஒப்பிட்டார்கள். பொருந்தவில்லை. யாரோ அசலை எடுத்துக்கொண்டு, அதே மாதிரி ஒரு போலியை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அதே கோவிலின் காளிங்க நர்த்தன கிருஷ்ணரும் விஷ்ணுவும் ஸ்ரீதேவியும்கூட இப்படி மாற்றப்பட்டவை என்றும், அசல்கள் அமெரிக்காவில் இருக்கின்றன என்றும் 2022-இல் அந்தப் பிரிவினர் அறிவித்தார்கள்.

ஊர் மக்களைக் குறை சொல்லாதீர்கள். பட்டும் மாலையும் சாத்திய சிலையை, விளக்கு வெளிச்சத்தில், தள்ளி நின்று கும்பிடுகிறோம். மாறியது எப்படித் தெரியும்?

இது முதல்முறையும் அல்ல. கும்பகோணம் பக்கத்துச் சிவபுரத்தில் 1951-இல் மண்ணுக்கடியில் ஒரு நடராஜர் கிடைத்தார். பழுது பார்க்க வெளியே அனுப்பினார்கள். திரும்பி வந்தது நகல்! கோவிலில் இருப்பது அசல் அல்ல என்று 1965-இல் லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த அறிஞர் ஒருவர் எழுதியபோதுதான் விஷயம் வெளிப்பட்டது. அசலை அமெரிக்காவில் நார்ட்டன் சைமன் என்ற செல்வந்தரின் அமைப்பு வாங்கியிருந்தது. பேச்சும் வழக்குமாகப் போய், 1986-இல்தான் நடராஜர் இந்தியா திரும்பினார்.

நம் ஆழ்வார் விஷயத்திலும் அவசரமாக எதுவும் நடக்கவில்லை. இந்திய அரசு முறைப்படி கேட்டது. விசாரித்தார்கள். 2024 மார்ச் 11 அன்று ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகப் பேரவை, சிலையைத் திருப்பித் தரும் கோரிக்கையை ஆதரித்து முடிவெடுத்தது. அதற்கு மேல் அந்நாட்டின் அறக்கட்டளை ஆணையத்தின் அனுமதியும் வேண்டும் என்பது அவர்கள் சட்டம். திருடுவதற்கு ஒரு ராத்திரி போதும். திருப்பித் தர எத்தனை கையெழுத்து பாருங்கள்!

எங்கே வைப்பது?

வெளிநாட்டிலிருந்து மீட்கப்படும் சிலைகளை எங்கே வைக்கலாம்? இதில் பெரியவர்களுக்கே ஒத்த கருத்து இல்லை. நம் மாநிலத்தில் திருவாரூர், கும்பகோணம் போன்ற ஊர்களில் திருமேனிகள் பாதுகாப்பு மையங்கள் இருக்கின்றன. காவல் குறைந்த கோவில்களின் சிலைகள் அங்கே பூட்டிய அறைகளில் இருக்கின்றன. திருட முடியாது, சரி. ஆனால் பார்க்கவும் முடியாது. கோவிலுக்கே போனால் பூசை உண்டு, ஊர்வலம் உண்டு; ஆனால் கதவு பலமாக இருக்குமா என்ற பயமும் உண்டு. அருங்காட்சியகத்தில் வைத்தால் வெளிச்சத்தில் நன்றாகப் பார்க்கலாம், படிக்கலாம். ஆனால் கற்பூரம் காட்ட முடியாது.

என்னைக் கேட்டால், ஊர் தெரிந்த சிலை ஊருக்குத்தான் போக வேண்டும். பூட்டும் கேமராவும் வாங்கிக் கொடுப்பது அவ்வளவு பெரிய செலவு இல்லை. உங்கள் வகுப்பில் இதை ஒரு பட்டிமன்றமாக வைத்துப் பாருங்களேன். மூன்று அணி தேவைப்படும்!

ஊர் தெரியாத பொருள் எவ்வளவு ஊமையாகிவிடும் என்பதற்கு வெகு தூரம் போக வேண்டாம். ஒரகடத்துக்கு அருகே வடக்குப்பட்டு என்ற கிராமத்தில் 2022-இல் இந்தியத் தொல்லியல் துறை அகழாய்வு செய்தது. பழங்கால மக்கள் செதுக்கிய கற்கருவிகளும், ரோமானிய மது ஜாடிகளின் உடைந்த ஓடுகளும் கிடைத்தன. தொழிற்சாலைகளுக்கு நடுவே உள்ள மண்ணில்! ஒவ்வொன்றும் எந்தக் குழியில், எத்தனை சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்தது என்று எழுதி வைத்தால்தான் அது எந்தக் காலத்துக் கருவி என்று சொல்ல முடியும். யாராவது ஆசையாகப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டால், அது வெறும் கல். ஆகவே கம்பெனி கட்ட மண் தோண்டுகிற இடத்தில் வித்தியாசமான ஓடோ கல்லோ பார்த்தால் எடுத்துவிடாதீர்கள். இடத்தைக் குறித்துக்கொண்டு ஆசிரியரிடமோ கிராம நிர்வாக அலுவலரிடமோ சொல்லுங்கள்.

விடுமுறையில் ஒரு வேலை

புதுச்சேரிப் படக்காரர்கள் செய்ததை நீங்களும் கொஞ்சம் செய்யலாம். ஒரு நோட்டு, பென்சில், டேப் போதும். உங்கள் ஊர்க் கோவில், பள்ளிவாசல், தேவாலயம், ஏரிக்கரை ஐயனார், வயல்வரப்பில் சாய்ந்து கிடக்கும் எழுத்து வெட்டிய கல், இப்படி ஏதாவது ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பெரியவர் ஒருவரைக் கட்டாயம் துணைக்கு அழைத்துச் செல்லுங்கள். அர்ச்சகரிடமோ பொறுப்பாளரிடமோ அனுமதி கேளுங்கள். பல கோவில்களில் கருவறையைப் படம் எடுக்கக் கூடாது. அதை மீற வேண்டாம். வெளியே உள்ள தூண் சிற்பமே ஏராளம் இருக்கும்.

உயரம், அகலம் அளந்து எழுதுங்கள். கல்லா, உலோகமா, மரமா என்று எழுதுங்கள். முன்பக்கம் மட்டுமல்ல, முடிந்தால் பின்பக்கமும் வரையுங்கள். எங்கே உடைந்திருக்கிறது, எந்த விரல் தேய்ந்திருக்கிறது என்பதை அவசியம் குறியுங்கள். அழகாக இல்லையே என்று உடைசலைச் சரிசெய்து வரைந்துவிடாதீர்கள்! அந்த உடைசல்தான் அடையாளம். ஊரில் வயதான தாத்தா பாட்டியிடம் அதைப் பற்றி என்ன கதை தெரியும் என்று கேட்டு, சொன்னவர் பெயரோடு எழுதுங்கள்.

படம் எடுத்தால் பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து எடுங்கள். அளவு தெரியும். பெருமாள் கோவில் என்றால் ஆழ்வார்கள் வரிசையில் வாளும் கேடயமும் வைத்திருப்பவரைத் தேடிக் கண்டுபிடித்து, அவரை வரையுங்கள்.

கீழே தேதி போட மறக்காதீர்கள். பாதிப் பேர் இதைத்தான் விட்டுவிடுவீர்கள், எனக்குத் தெரியும்! தேர்வுத்தாளிலேயே விட்டுவிடுகிறவர்கள்தானே நீங்கள்? ஆழ்வாரின் படத்தில் 1957 என்று இருந்ததால்தான், 1967-க்கு முன்பு அவர் கோவிலில் இருந்தார் என்று சொல்ல முடிந்தது. நாள், மாதம், வருடம் மூன்றையும் எழுதி, பக்கத்தில் உங்கள் பெயரையும் வகுப்பையும் எழுதிவிடுங்கள்.